நீலப் பூவுக்குள் அலுமினியம்

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கத்துப் பழைய பங்களாக்களில் ஹைட்ரேஞ்சியா புதர் இல்லாத தோட்டம் அரிது. இரு கைகளாலும் ஏந்தவேண்டிய அளவுக்குப் பெரிய பூங்கொத்து; நிறம் பெரும்பாலும் நீலம். அதே புதரிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, சுண்ணாம்பு கலந்த மண் நிரப்பிய தொட்டியில் வேர்பிடிக்க வைத்தால் அது இளஞ்சிவப்பாகப் பூக்கும். குச்சியின் மரபணுக்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது மண். அந்த மண்ணிலிருந்து செடிக்குள் ஏறும் அலுமினியத்தின் அளவும் அதோடு மாறிவிட்டது.

அலுமினியம் செடிகளுக்குச் சாதுவான உலோகம் அல்ல. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 8 சதவீதம் அதுதான். உலோகங்களில் அதற்கே முதலிடம். ஆனாலும் மண் நடுநிலையில் இருக்கும்வரை அது களிமண் கனிமங்களுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. மண்ணின் பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால் கட்டு அவிழ்ந்து நீரில் கரைகிறது. கரைந்ததும் நேராகப் போய்த் தாக்குவது வேரின் நுனியை. கோதுமையின் இளவேர் சில மணி நேரத்திலேயே நீள்வதை நிறுத்திவிடும். வேர் குட்டையானால் நீரும் இல்லை, சத்தும் இல்லை. உலகில் சாகுபடிக்கு உகந்த நிலத்தில் ஏறத்தாழ பாதி அமில மண் என்பது மண்ணியலாளர்களின் மதிப்பீடு. ஆகவே இது ஏதோ மலைத்தோட்டத்து விசித்திரம் அல்ல, சோற்றுப் பிரச்சினை.

கோதுமையைக் கொல்லும் அதே உலோகத்தை உள்ளே இழுத்து, இலையிலும் பூவிலும் சேர்த்து வைத்துக்கொண்டு ஹைட்ரேஞ்சியா எப்படிச் செழிக்கிறது? வேளாண் விஞ்ஞானம் அழகுச் செடிகளை நெடுங்காலம் இரண்டாம் பந்தியில்தான் உட்கார வைத்திருந்தது. நெல், கோதுமை, சோளம் எல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பூச்செடிக்கு இடம். ஆனால் உலோகத்தைத் தாங்கும் திறனின் மரபணு அடிப்படை என்ற விஷயத்தில் மிகத் தெளிவான பாடங்களில் சிலவற்றைச் சொன்னவை பூச்செடிகளும் தோட்டத்துப் பெரணிகளும்தான். அவை சொல்லும் செய்தி இது: உலோகத்தைத் தாங்குவதற்கென்றே புதிதாகப் பிறந்த மரபணுவைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். கிடைப்பவை பல செடிகளுக்கும் பொதுவான பழைய மரபணுக்கள். சில செடிகளில் அவை அதிகமாக வேலை செய்கின்றன, சிலவற்றில் வேறோர் இடத்தில் வேலை செய்கின்றன.

பயிர்களிலிருந்து தொடங்குவதே வசதி. ஒரே வயலில் ஒரு கோதுமை ரகம் வாடும், பக்கத்து ரகம் நிமிர்ந்து நிற்கும். தாங்கும் ரகத்தின் வேர்நுனி மாலிக் அமிலத்தின் உப்பை வெளியே கசியவிடுகிறது. அது அலுமினியத்தை மண்ணிலேயே கட்டிப்போட்டுவிடும். இந்தக் கசிவை நடத்தும் ஏஎல்எம்டி-1 என்ற மரபணுவை ஜப்பானிய, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004இல் பிரித்தெடுத்தார்கள். செடிகளில் அலுமினியத்தைத் தாங்கும் திறனுக்காகப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் மரபணு அது. 2007இல் சோளத்திலும் இதேபோன்ற ஒன்று வெளிவந்தது. அங்கே கசிவது சிட்ரேட். இரண்டு பயிர்களுக்கும் கொள்கை ஒன்றுதான்: எதிரியை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்து.

ஹைட்ரேஞ்சியா வாசலைத் திறந்துவிடுகிறது.

அதன் இலைகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் அலசினார்கள். ஒரு கிலோ பச்சை இலையில் 420 மில்லிகிராமுக்கும் அதிகமான அலுமினியம் இருந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செல்லின் சாற்றிலேயே கரைந்த நிலையில் கிடந்தது. செல்லுக்குள் இவ்வளவு நஞ்சு மிதந்தும் இலை பச்சையாகவே இருந்தது எப்படி? அந்தச் சாற்றில் அலுமினியம் தனித்து இல்லை. ஓர் அலுமினியத்துக்கு ஒரு சிட்ரேட் என்ற கணக்கில் ஜோடி சேர்ந்திருந்தது. ஆய்வாளர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. அந்த ஜோடிச் சேர்மத்தை இலையிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கி, மக்காச்சோள நாற்றின் வேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே அளவு அலுமினியம் குளோரைடாகப் போனபோது வேரின் வளர்ச்சி வெகுவாக ஒடுங்கியது. ஹைட்ரேஞ்சியா இலையிலிருந்து எடுத்த வடிவில் போனபோது வேர் ஏறக்குறைய வழக்கம்போல நீண்டது. நஞ்சு அங்கேயேதான் இருக்கிறது. அதன் பல் மட்டும் பிடுங்கப்பட்டிருக்கிறது.

நாம் பூவின் இதழ் என்று பார்ப்பது ஹைட்ரேஞ்சியாவில் உண்மையில் புல்லி இதழ். நீலமும் சிவப்பும் அதற்குள்தான் நடக்கின்றன. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் குமி யோஷிதா பல ஆண்டுகள் இந்த நிறத்தின் வேதியியலைத் துருவினார். நீலப் பூவிலும் சிவப்புப் பூவிலும் இருக்கும் நிறமி ஒன்றே. டெல்ஃபினிடின் வகை ஆந்தோசயனின். வேறுபாடு அந்த நிறமி குடியிருக்கும் வாக்குவோலில் இருக்கிறது. வாக்குவோல் என்பது செடியின் செல்லுக்குள் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் நீர்ப்பை, செல்லின் கிடங்கு. நீலச் செல்லின் கிடங்கில் பி.எச். 4.1 அளவில் இருக்கிறது, சிவப்புச் செல்லில் 3.3 அளவில். இரண்டுமே அமிலம்தான், சிவப்பில் அமிலத்தன்மை கூடுதல். கூடவே நீலச் செல்லில் அலுமினியமும் அதிகம். நிறமி, அதற்குத் துணைநிற்கும் காஃபியோயில்குயினிக் அமிலம், அலுமினியம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சேர்ந்து கட்டும் கூட்டுச் சேர்மமே நாம் காணும் நீலம்.

இங்கே ஓர் எரிச்சலூட்டும் முரண்பாடு தோட்டக்காரர்களைக் குழப்பிவந்திருக்கிறது. மண் அமிலமானால் பூ நீலம். பூவின் செல் அமிலமானால் பூ சிவப்பு. லிட்மஸ் தாளை நினைத்துக்கொண்டு ஹைட்ரேஞ்சியாவைப் பார்ப்பவர் இங்கேதான் தடுக்கி விழுகிறார். மண்ணின் அமிலம் நேரடியாக எதையும் நிறமாற்றுவதில்லை. அது அலுமினியத்தைக் கரைத்துக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்கிறது.

அந்த அலுமினியம் கிடங்குக்குள் எந்த வழியாக நுழைகிறது? யோஷிதா குழுவினர் 2012இல் விடை சொன்னார்கள். ஹைட்ரேஞ்சியா புல்லி இதழில் சுறுசுறுப்பாக இயங்கும் மரபணுக்களைப் பட்டியலிட்டு, அவற்றிலிருந்து இரண்டு கடத்திப் புரதங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வால்ட் என்று பெயரிடப்பட்டது கிடங்கின் சவ்வில் உட்கார்ந்திருக்கிறது. பால்ட்-1 செல்லின் வெளிச்சவ்வில் இருக்கிறது. இரண்டும் அக்வாபோரின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்வாபோரின்கள் பெரும்பாலான உயிரினங்களில் உண்டு; நீரைச் செல்லுக்குள்ளும் வெளியும் விடுவது அவற்றின் பரம்பரைத் தொழில். நீர் போகும் மடையில் அலுமினியமும் போகிறது என்பதே இந்தக் கண்டுபிடிப்பின் ருசியான பகுதி.

அதைவிட முக்கியமானது அடுத்த சோதனை. ஆய்வகங்களின் செல்லச் செடியான அரபிடாப்சிஸுக்குள் இந்த இரண்டு மரபணுக்களையும் தனித்தனியாகச் செலுத்தி, மிகையாக இயங்க வைத்தார்கள். வால்ட் பெற்ற செடி அலுமினியத்தைத் தாங்கிக்கொண்டது. பால்ட்-1 பெற்ற செடி முன்னைவிட எளிதாக நலிந்தது. இரண்டுமே ஹைட்ரேஞ்சியாவில் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். ஆனால் வாசலை மட்டும் அகலப்படுத்திவிட்டுக் கிடங்கைக் கட்டாமல் விட்டால், உள்ளே வந்த சரக்கு நடுக்கூடத்தில் குவிந்து வீட்டையே முடக்கிவிடும். தாங்கும் திறன் என்பது ஒரு மரபணுவின் பெயரல்ல, பல மரபணுக்கள் எங்கே, எந்த வரிசையில், எவ்வளவு இயங்குகின்றன என்ற ஏற்பாட்டின் பெயர் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான சான்று கிடைப்பது கடினம். "தாங்கும் மரபணு கண்டுபிடிப்பு" என்று தலைப்பிடும் செய்திகளைப் படிக்கும்போது பால்ட்-1-ஐ நினைத்துக்கொள்வது நல்லது.

நீலகிரியைச் சொன்ன பிறகு தேயிலையை விட்டுவிட முடியாது. ஹைட்ரேஞ்சியாவுக்குப் பிடித்த அதே அமில மண் தேயிலைக்கும் பிடிக்கும்; தேயிலையும் அலுமினியத்தைச் சேர்க்கும் செடிதான். முதிர்ந்த இலையின் உலர் எடையில் 3 சதவீதம் வரை அலுமினியம் பதிவாகியிருக்கிறது. கிள்ளுவது ஒரு மொட்டும் இரண்டு தளிரும் என்பதால் டீ குடிப்பவர்கள் பதற வேண்டியதில்லை, தளிரில் அதன் அளவு மிகக் குறைவு. தோட்டங்களில் பூவுக்காக வளர்க்கும் கமீலியாவும் தேயிலையின் நெருங்கிய சொந்தம். அதுவும் இதே பழக்கம் உள்ள செடி.

நிறத்துக்காக உலோகத்தைத் தேடும் பூ ஹைட்ரேஞ்சியா மட்டுமல்ல. ஐரோப்பியர் கொண்டாடும் நீலக் கார்ன்ஃபிளவரின் நிறத்தில் இரும்பும் மக்னீசியமும் இருக்கின்றன. இமயமலையின் நீல பாப்பியிலும் இரும்பு உண்டு. மரபணு அளவில் அழகாக அவிழ்ந்தது டியூலிப்பின் கதை. முராசாகிசூய்ஷோ என்ற ஜப்பானிய ரகத்தில் இதழ் முழுக்க ஊதா, அடிப்பாகம் மட்டும் நீலம். நிறமி இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆனால் அடிப்பாகத்துச் செல்களில் இரும்பு சுமார் 25 மடங்கு அதிகம். இரும்பைக் கிடங்குக்குள் தள்ளும் விட்-1 என்ற புரதம் அந்த அடிப்பாகத்தில் மட்டும் தீவிரமாக இயங்குவதை 2009இல் கண்டார்கள். இரும்பைப் பிடித்து வைக்கும் ஃபெரிட்டின் என்ற புரதமும் இதில் பங்காளி. ஊதாச் செல்லில் விட்-1-ஐ இயக்கி, ஃபெரிட்டினை அடக்கியபோது அந்தச் செல்லும் நீலமானது. விட்-1 எந்த வகையிலும் புதுமையான மரபணு அல்ல. இரும்பைச் சேமிப்பதற்காக அரபிடாப்சிஸ் விதையிலும் அதே குடும்பத்து மரபணு வேலை செய்கிறது. டியூலிப் அதை இதழின் அடியில் இயக்கிவிட்டது, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னவை உலோகம் இயல்பாகவே இருக்கும் மண்ணில் பழகிய செடிகள். மனிதன் திடீரென்று கொட்டிய உலோகத்துக்கு ஒரு செடி எப்படி ஈடுகொடுக்கிறது என்பதைப் பார்க்கக் கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டும். அங்கே காப்பரோபோலிஸ் என்றொரு சிற்றூர். பெயரிலேயே செம்பு இருக்கிறது. 1860களில், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், அங்கே செம்புச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. தோண்டிக் கொட்டிய கழிவுக் குவியல்களில் மற்றச் செடிகள் பட்டுப்போக, மஞ்சள் குரங்குப்பூ என்ற மிமுலஸ் குட்டாட்டஸ் மட்டும் முளைத்துப் பூத்தது. ஓடைக்கரைகளில் வளரும் இந்தச் செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டனின் தோட்டங்களுக்குப் போய், வேலி தாண்டி அங்கத்திய ஓடைகளிலும் பரவிவிட்டது. இன்றைய தோட்ட மிமுலஸ் கலப்பினங்களின் பெற்றோரில் இதுவும் ஒன்று.

எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் மார்க் மெக்னேர் 1983இல் சுரங்கத்துச் செடிகளையும் சாதாரண மண்ணின் செடிகளையும் கலப்புச் செய்து பார்த்தார். செம்புக் கரைசலில் வேர் விடுகிறதா, இல்லையா என்ற எளிய சோதனைதான். பேரக்குழந்தைத் தலைமுறைவரை கணக்கெடுத்தபோது ஒரே ஒரு பெரிய மரபணு பெரும்பகுதியைத் தீர்மானிப்பதாகத் தெரிந்தது. மெண்டலின் பட்டாணியைப் போலவே தெளிவான கணக்கு. ஆனால் அதே கலப்புகளில் இன்னொன்றும் தென்பட்டது. சுரங்கத்துச் செடியைச் சில வெளியூர்ச் செடிகளோடு கலந்தால், பிறந்த நாற்றுகள் இலை கருகிச் செத்தன. செம்பைத் தாங்கும் மரபணுவே தன் சந்ததியைக் கொல்கிறதா? அப்படியானால் ஒரு சூழலுக்குப் பழகுவதே புதிய இனம் பிரிவதற்குக் காரணமாகிறது என்று நிரூபணமாகிவிடும். பரிணாம நூல்கள் இந்த உதாரணத்தை ஆசையோடு மேற்கோள் காட்டின.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், டியூக் பல்கலைக்கழகத்தில் கெவின் ரைட்டும் ஜான் வில்லிஸும், மெக்னேரையும் சேர்த்துக்கொண்டு, குரோமோசோமில் அந்த இடத்தைப் பொறுமையாகக் கூறுபோட்டுப் பார்த்தார்கள். அங்கே இருந்தது ஒன்றல்ல, இரண்டு. செம்பைத் தாங்க வைப்பது டால்-1. கலப்பினத்தைக் கருக்குவது நெக்-1. இரண்டும் குரோமோசோமில் மிக நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சுரங்கக் கழிவு டால்-1-இன் தாங்கும் வடிவத்தைப் பொறுக்கியெடுத்தபோது, அதன் தோளைப் பிடித்துக்கொண்டு நெக்-1-உம் கூடவே பெருகிவிட்டது. அழகான ஒரு கோட்பாடு ஒரு படி கீழே இறங்கியது. ஆனால் தோட்டச்செடி இனவிருத்தி செய்பவருக்கு இதில் கோட்பாட்டைவிடப் பயனுள்ள எச்சரிக்கை கிடைத்தது. தாங்கும் குணத்தை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது, ஒட்டிக்கொண்டு வரும் அண்டை மரபணு நல்லதா, கெட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஒன்றரை நூற்றாண்டுக்குள் இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் விடை உண்டு. சுரங்கம் தோண்டியபிறகு புதிய மரபணு மாற்றம் பிறக்கக் காத்திருக்கவில்லை. தாங்கும் வடிவம் சுற்றுவட்டாரச் செடிகளில் ஏற்கெனவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. பிரிட்டனில் ஏ. டி. பிராட்ஷாவும் அவருடைய மாணவர்களும் இதையே புற்களில் பார்த்திருந்தார்கள். சுரங்கத்தையே கண்டிராத சாதாரணப் புல்வெளியின் விதைகளைச் செம்புக் கழிவில் தூவினால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிழைக்கும். பிழைக்கும் அந்த ஒன்றிரண்டு இல்லாத இனங்கள், எத்தனை ஆண்டு ஆனாலும் சுரங்கக் குவியலில் குடியேறுவதில்லை. புதுத் திறன் வேண்டுமென்றால் பழைய விதைப் பையில் அது கிடந்தாக வேண்டும்.

பழையதைத் தேடுவது என்ற இந்தப் பழக்கம் இன்னும் அழுத்தமாகத் தெரிவது சைலீன் வல்காரிஸ் என்ற, பலூன்போல உப்பிய புல்லிவட்டம் கொண்ட வெள்ளைப் பூச்செடியில். ஐரோப்பாவில் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் உள்ள சுரங்கங்களில் தனித்தனியாகத் தாங்கும் திறன் பெற்ற கூட்டங்களை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1996இல் ஒன்றோடொன்று கலந்து பார்த்தார்கள். வெவ்வேறு கூட்டங்கள் வெவ்வேறு மரபணுக்களை நாடியிருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். ஆனால் முக்கியப் பொறுப்பு எல்லா இடத்திலும் ஒரே மரபணு இருக்கைகளில் இருந்தது. பெல்ஜியம், ஜெர்மனி எல்லையில் துத்தநாகச் சுரங்கங்களைச் சுற்றிப் பூக்கும் மஞ்சள் வயோலாவும் இந்த வரிசையில் சேரும். அதன் மிக நெருங்கிய உறவான வயோலா லூட்டியா, இன்று பூச்சந்தைகளில் தட்டுத்தட்டாக விற்கும் பான்சிகளின் மூதாதைகளில் ஒன்று.

துத்தநாகத்தைத் தாங்குவதில் மரபணு செய்யும் வேலை எண்ணிக்கை சார்ந்தது என்பதை 2008இல் யூட்டே கிரேமர் குழுவினர் காட்டினார்கள். ஆய்வுக்கு எடுத்தது அரபிடாப்சிஸ் ஹாலெரி என்ற மலைச்செடி. சிறிய வெண்பூ பூப்பது. வேரிலிருந்து துத்தநாகத்தைத் தண்டுக்குள் ஏற்றும் எச்எம்ஏ-4 மரபணு சாதாரண அரபிடாப்சிஸில் ஒரு பிரதி. ஹாலெரியில் மூன்று பிரதிகள். போதாக்குறைக்கு, அந்த மரபணுவை இயக்கும் முன்பகுதியும் வீரியமாக மாறியிருந்தது. அதை அடக்கிப் பார்த்தபோது ஹாலெரி தன் தனித்தன்மையை இழந்து, சாதாரண உறவுக்காரச் செடியைப் போலத் துத்தநாகத்தை வேரிலேயே வைத்துக்கொண்டது.

மிச்சம் இருப்பது பெரணி; இந்தக் கட்டுரையின் ஆச்சரியமான பாத்திரம் அதுவே. டெரிஸ் விட்டாட்டா என்ற இந்தப் பெரணியைத் தமிழகத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. பழைய கிணற்றின் உட்சுவரில், கோயில் மதிலின் செங்கல் இடுக்கில், பாலத்தின் அடியில், சுண்ணாம்புக் காரை ஈரமாக இருக்கும் இடமெல்லாம் ஏணிப்படிபோல அடுக்கிய நீண்ட இலைகளோடு தொங்குவது அதுதான். பலர் அதைக் களை என்று பிடுங்கிப் போடுகிறார்கள். அமெரிக்காவில் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் லேனா மாவும் சகாக்களும், மரங்களைக் கரையான் அரிக்காமல் ஆர்சனிக் கலந்த மருந்தில் ஊறவைத்துவந்த ஓர் இடத்தில் இது செழிப்பதைக் கண்டு, 2001இல் உலகுக்கு அறிவித்தார்கள். ஆர்சனிக் நிறைந்த மண்ணில் வைத்தபோது இரண்டே வாரத்தில் இலையில் அதன் அளவு பத்து லட்சத்தில் 15,000 பங்கைத் தாண்டியது. ஆர்சனிக் கறாராகச் சொன்னால் முழு உலோகம் அல்ல, உலோகப்போலி. ஆனால் செடியைக் கொல்வதில் எந்த உலோகத்துக்கும் இளைத்ததல்ல.

ஆர்சனேட் பார்வைக்குப் பாஸ்பேட் மாதிரியே இருப்பதால் வேர் அதைச் சத்து என்று நம்பி உள்ளே எடுத்துவிடுகிறது. எல்லாச் செடிகளும் ஏமாறும் இடம் இது. பெரணியும் ஏமாறுகிறது, ஏமாந்த பிறகு அது செய்வதுதான் வித்தியாசம். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜோ ஆன் பேங்க்ஸ் குழு 2010இல் இதற்கான மரபணுவை அடையாளம் கண்டது: ஏசிஆர்-3. ஈஸ்ட்டிலும் இதே மரபணு உண்டு. அங்கே அது செல்லின் வெளிச்சவ்வில் நின்று ஆர்சனிக்கை வெளியே துப்புகிறது. பெரணியில் அதே வகைப் புரதம் வாக்குவோலின் சவ்வுக்கு இடம் மாறிவிட்டது. ஆகவே ஆர்சனிக் வெளியே போகாமல் கிடங்குக்குள் போய்ச் சேர்கிறது. செய்கிற தொழில் ஒன்றே. உட்காரும் இடம் மாறியதும் விளைவு தலைகீழாகிவிட்டது.

பெரணிகளில் விதை இல்லை. துகளிலிருந்து முளைப்பது நகக்கண் அளவுள்ள மெல்லிய பச்சைத் தகடு. அதில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே பிரதி. இந்தத் தகடு ஆய்வகத் தட்டில் கிடக்கும்போதே ஏசிஆர்-3-ஐ அடக்கினால், ஆர்சனிக் பட்டவுடன் அது நலிந்துபோகிறது. ஒரு மரபணுவின் தேவையை நிரூபிக்க இதைவிட நேரான வழி இல்லை. பாசிகளிலும் பைன் போன்ற விதை மூடாத் தாவரங்களிலும் ஏசிஆர்-3 இருக்கிறது. பூக்கும் தாவரங்களில் மட்டும் இல்லை. பரிணாமப் பாதையில் எங்கோ தொலைத்துவிட்டன. நெல்லும் அதில் அடக்கம். 2019இல் இதே பெரணியில் மேலும் மூன்று மரபணுக்கள் ஆர்சனிக்கைத் தாங்கக் கைகொடுப்பதாகத் தெரிந்தது. அவற்றில் ஒன்று சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் சாதாரணப் புரதம். அவை இயங்கும் முறை சில பாக்டீரியாக்கள் ஆர்சனிக்கைச் சமாளிக்கும் முறையை ஒத்திருக்கிறது.

இத்தனை பாடுபட்டு நஞ்சைச் சேர்த்து வைப்பதில் பெரணிக்கு என்ன லாபம்? ஃப்ளோரிடாவில் பாலா ரத்தினசபாபதியும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்சனிக் ஏறிய இலைகளை வெட்டுக்கிளிகள் ஒதுக்கிவிட்டன. கடிப்பவனுக்குக் கசக்கட்டும் என்பதே கணக்கு.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு, நஞ்சேறிய நிலத்தைப் பூச்செடி நட்டுச் சுத்தம் செய்துவிடலாம் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். யோசனையில் நியாயம் உண்டு. அழகுச் செடியை யாரும் சமைத்துச் சாப்பிடுவதில்லை, நகரத்துக்குள் நடலாம். வாஷிங்டன் நகரின் ஸ்பிரிங் வேலி பகுதியில், முதல் உலகப் போர்க்கால ரசாயன ஆயுதச் சோதனைகள் மண்ணில் விட்டுப்போன ஆர்சனிக்கை எடுக்க 2004இல் இந்தப் பெரணியை நட்டுப் பார்த்தார்கள். ஆனால் செடி நஞ்சை அழிப்பதில்லை. மண்ணில் பரவிக் கிடந்ததை இலைக்கு மாற்றித் தருகிறது, அவ்வளவே. அறுத்த இலையைப் பத்திரமாக அப்புறப்படுத்த வழியில்லாத இடத்தில் இந்தத் திட்டம் பாதி வேலை. சந்தையில் கிடைக்கும் ஏதோவொரு சாமந்தியையோ துலுக்கச் சாமந்தியையோ உலோக மண்ணில் நட்டு, அது சாகாமல் இருந்ததையே வெற்றியாக அறிவிப்பது அதிலும் பலவீனம். சாகாமல் இருப்பதும் சேர்த்து வைப்பதும் வெவ்வேறு குணங்கள். முன்னது கோதுமையின் வழி, பின்னது ஹைட்ரேஞ்சியாவின் வழி. எந்த ரகத்தில் எது இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் நடுவது வீண்செலவு.

வீட்டுத் தோட்டக்காரருக்கு இதிலிருந்து உடனே பயன்படுவது ஹைட்ரேஞ்சியா பாடம்தான். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் செய்த ஓர் ஆய்வின்படி, ஒரு கிராம் புல்லி இதழில் சுமார் 10 மைக்ரோகிராம் அலுமினியம் சேர்ந்தால்தான் நீலம் பிறக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரம் ஓர் அலுமினிய உப்பு. அதை நீர்க்கக் கரைத்து, மண் அமிலமாக இருக்கும் தொட்டியில் இடைவெளி விட்டு ஊற்றலாம். அளவு மிஞ்சினால் வேர் கருகும். பாஸ்பரஸ் மிகுந்த உரம் அலுமினியத்தைக் கட்டிப்போடும். சிமென்ட் சுவரை ஒட்டி நட்டால் சுண்ணாம்பு கசிந்து வேலையைக் கெடுக்கும். வெள்ளை ரகத்தில் நீலமாவதற்கு நிறமியே இல்லை. அதற்குப் படிகாரம் போடுவது பணவிரயம். அடர்சிவப்பு ரகங்கள் பெரும்பாலும் ஊதாவோடு நின்றுவிடும். எனவே நர்சரியில் செடி வாங்கும்போது பூவின் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், ரகத்தின் பெயரையும் அது நீலமாக மாறக்கூடியதா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.